வேலைக்கு வராத நாள் என்ன சொல்கிறது? எல்லைப்புறத் தோட்டங்களிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

தேனி மாவட்டத்தில் கம்பம், கூடலூர், தேவாரம், போடி பக்கத்து ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், மாலையில் மலையிறங்குகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்குச் செக்ரோல் எனப்படும் வருகைப் பதிவேடு எழுதும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன் நான். பிறகு வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் நலப் பிரிவிலும் இருந்தேன். தோட்ட எழுத்தர்கள், கங்காணிகள், சிறிய ஆலை நடத்துகிறவர்கள், கல்லூரியில் மேலாண்மை படிக்கும் பிள்ளைகள் என்று பலரும் என்னிடம் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒன்றைத்தான்: வேலையில் மனநிறைவும் நிறுவனத்தின் மேல் பற்றும் இருந்தால் ஆள் தவறாமல் வருவாரா, வராதவருக்கு அவை இல்லை என்று பொருளா? அந்தக் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

கேள்வி: வராமை என்று எதைச் சொல்கிறோம்? எப்படிக் கணக்கிடுவது?

வேலை இருக்கிறது, அது அந்தத் தொழிலாளிக்குத் தெரியும், அவர் வருவார் என்று நிர்வாகம் எதிர்பார்க்கிறது, ஆனால் அவர் வரவில்லை. இதுதான் வராமை. மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் நெடுங்காலமாகப் பின்பற்றிவரும் கணக்கு எளியது. இழந்த ஆள்நாட்களை, வேலைக்கென வகுத்த ஆள்நாட்களால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். ஒரு தோட்டத்தில் 40 பேர், மாதத்தில் 25 வேலை நாட்கள் என்றால் வகுத்தவை 1000 ஆள்நாட்கள். அவற்றில் 120 விடுபட்டால் வராமை 12 விழுக்காடு. வார ஓய்வு, வேலைநிறுத்தம், கதவடைப்பு, வேலை கொடுக்க முடியாமல் நிர்வாகமே ஆளை நிறுத்திவைக்கும் லே-ஆஃப் ஆகியவை இதில் சேரா. பாதி நாள் வந்தவரும் வந்தவரே.

நம் தோட்டங்களில் பெரும்பாலும் இந்தக் கணக்கு முதல் படியிலேயே பிழைபடுகிறது. மழையால் தோட்டமே வேலையை நிறுத்திய நாளையும், ஜீப் வராத நாளையும், ஆள் சொல்லிவிட்டு எடுத்த விடுப்பையும் ஒரே கட்டத்தில் ஒரே எழுத்தால் குறிக்கிறார்கள். நானும் குறித்திருக்கிறேன். மாதக் கடைசியில் அந்தக் கட்டங்களைக் கூட்டி, "ஆளுக்கு வேலையில் அக்கறை இல்லை" என்று மேலே அறிக்கை போகும்.

கேள்வி: வேலை பிடித்திருந்தால் லீவு எடுக்கமாட்டார்கள் என்பது உண்மைதானே?

பாதிகூட உண்மையில்லை. கேட்பதற்கு இயல்பாகத் தோன்றும் எண்ணம்தான். ஆய்வாளர்களும் முதலில் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 1985இல் ஹாக்கெட், குயோன் என்ற இருவர் மறுபடி கணக்குப் பார்த்தபோது, வராமையில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் 4 விழுக்காட்டுக்கும் குறைவான பங்கைத்தான் பணி மனநிறைவால் விளக்க முடிந்தது. மீதி 96 பங்கு வேறெங்கோ இருக்கிறது.

உறவு இருக்கிறது, எதிர்த்திசையில்தான் இருக்கிறது: மனநிறைவு கூடினால் வராமை சற்றுக் குறைகிறது. ஆனால் அது மெல்லிய உறவு. வருகைப் பதிவேட்டை மட்டும் பார்த்து ஒருவரின் மனத்தைப் படித்துவிடலாம் என்று நினைக்கிறவர்களிடம் நான் முதலில் எடுத்துச் சொல்வது இந்த எண்ணைத்தான்.

கேள்வி: மீதி 96 பங்கு எங்கே இருக்கிறது?

1978இல் ரிச்சர்ட் ஸ்டியர்ஸ், சூசன் ரோட்ஸ் இருவரும் எழுதிய ஒரு கட்டுரை இதற்கு நல்ல வழி காட்டியது. வேலைக்கு வருவதில் இரண்டு தனித்தனிச் செய்திகள் உள்ளன. ஒன்று, வர வேண்டும் என்ற விருப்பம். மற்றொன்று, வர முடிகிற நிலை. பணி மனநிறைவு, பற்று, கூலி, உடன் வேலை செய்வோரின் பழக்கம் எல்லாம் விருப்பத்தின் பக்கம் வேலை செய்கின்றன. உடல்நலம், வீட்டுப் பொறுப்பு, போக்குவரத்து ஆகியவை முடிகிற நிலையின் பக்கம். விருப்பம் எவ்வளவு இருந்தாலும் இரண்டாவது கதவு அடைபட்டால் ஆள் வரமாட்டார்.

நம் பகுதியில் அந்த இரண்டாவது கதவு எப்படிப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். மலையேற மூன்றே பாதைகள்: குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு. போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமழை இடுக்கிப் பக்கம் கொட்டும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை தேனிப் பக்கம் கொட்டும். இரண்டு மழைக்கும் நடுவில் குடியிருக்கிறவர்கள் நாம். பாறை சரிந்து பாதை மூடினால் அன்றைக்கு மனநிறைவோடு இருப்பவரும் இல்லாதவரும் ஒன்றாக வீட்டில் இருப்பார்கள். மனமிருந்தால் மார்க்கமுண்டு என்று இவர்களிடம் சொல்கிற மேலாளர் ஒருநாளாவது அந்த ஜீப்பில் நின்றுகொண்டு மலையேறிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அசாம், ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்தவர்கள் பல ஏலத்தோட்டங்களில் உள்ளேயே தங்கி வேலை செய்கிறார்கள். அவர்கள் நாள் தவறாமல் வருகிறார்கள், நம்மவர்கள் வருவதில்லை என்று ஒப்பிட்டுப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. தங்குமிடத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் மஸ்டருக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, வருகிறவரையும், நாலு மணிக்கு எழுந்து ஒன்றரை மணி நேரம் ஜீப்பில் வருகிறவரையும் ஒரே தராசில் வைத்துப் பற்றை நிறுப்பது அநியாயம்.

கேள்வி: அப்படியானால் தொழிலாளியின் மனநிறைவைப் பற்றி நிர்வாகம் கவலைப்படவே வேண்டாமா?

கவலைப்பட வேண்டும். எந்த நாளில் அது பேசும் என்று தெரிந்துகொண்டு கவலைப்பட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஆய்வு இருக்கிறது. 1975 ஏப்ரல் தொடக்கத்தில் சிகாகோவில் கடும் பனிப்புயல் அடித்தது. சியர்ஸ் என்ற பெரிய வணிக நிறுவனத்தின் தலைமையகம் அந்த நகரத்தில் இருந்தது. மறுநாள் அலுவலகம் வந்து சேர்வதே பெரும்பாடு. வராவிட்டாலும் யாரும் குறைசொல்லப் போவதில்லை. அதே நிறுவனத்துக்கு நியூயார்க்கிலும் அலுவலகம் உண்டு. அங்கே அன்று வழக்கமான வானிலை. பிராங்க் ஸ்மித் என்ற ஆய்வாளர் அந்த ஒரே நாளின் வருகையை எடுத்து, ஊழியர்களிடம் முன்னரே பெற்றிருந்த மனநிறைவுக் கணிப்போடு வைத்துப் பார்த்தார். நியூயார்க்கில் இரண்டுக்கும் தொடர்பே தென்படவில்லை. சிகாகோவில் மனநிறைவு மிகுந்திருந்த பிரிவுகளிலிருந்துதான் நிறையப் பேர் பனியைத் தாண்டி வந்திருந்தார்கள். 1977இல் இந்த ஆய்வு வெளியானது.

இதன் பொருள் எளிது. வழக்கமான நாளில் கூலிக்காக எல்லோரும் வருகிறோம். வழி அடைபட்ட நாளில் யாராலும் வர முடியாது. வரலாம், வராமலும் இருக்கலாம், இரண்டுக்கும் இடமிருக்கிறது என்ற நாளில்தான் உள்ளம் முடிவெடுக்கிறது. தூறல் விழுந்துகொண்டிருக்கிற காலை, திருவிழா முடிந்த மறுநாள், கூலி கையில் இருக்கிற, ஞாயிறு கழிந்த திங்கள் ஆகியவை நம் ஊரின் அத்தகைய நாட்கள். ஆண்டு முழுவதன் மொத்த விழுக்காட்டை வைத்துக்கொண்டு தலையைப் பிய்ப்பதைவிட, இந்த நாட்களில் யார் வந்தார்கள், எந்தக் கங்காணியின் கீழ் உள்ளவர்கள் வரவில்லை என்று பாருங்கள். உங்கள் தோட்டத்தைப் பற்றி நிறையத் தெரியவரும்.

கேள்வி: மனநிறைவு, பற்று இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. மனநிறைவு வேலையைப் பற்றியது: செய்கிற பணி, கூலி, மேற்பார்வையாளர் நடத்தும் விதம், கூட வேலை செய்கிறவர்கள். இன்று கங்காணி ஏசினால் இன்றே குறையும். பற்று மெதுவாக வளர்ந்து மெதுவாகத் தேய்வது. மேயர், ஆலன் என்ற இரு ஆய்வாளர்கள் 1991இல் பற்றை மூன்றாகப் பிரித்தார்கள். விரும்பி இருப்பது ஒன்று. கடமை என்று கருதி இருப்பது ஒன்று. விட்டுப் போனால் இழப்பு என்பதால் இருப்பது ஒன்று. "இருக்கிறேன்" என்ற ஒரே சொல்லுக்குள் இந்த மூன்றும் அடங்கிவிடுகின்றன. ஆனால் வருகையில் மூன்றும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை.

2002இல் மேயரும் மற்றவர்களும் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், விரும்பி இருக்கும் பற்றுக்கும் வராமைக்கும் உள்ள தொடர்பெண் (சுழி என்றால் உறவே இல்லை, ஒன்று என்றால் முழு உறவு) கழித்தல் 0.15. அதாவது அந்தப் பற்று கூடினால் வராமை சிறிது குறைகிறது. கடமைப் பற்றுக்கு 0.05, இழப்புக்கு அஞ்சும் பற்றுக்கு 0.06; ஏறத்தாழச் சுழி. கூட்டலும் கழித்தலும் அறியாத கங்காணியும் இதைத் தன் அனுபவத்தில் அறிவார். முன்பணம் வாங்கியதால் கட்டுண்டு வருகிறவர் கடன் தீரும்வரை அந்தத் தோட்டத்தில் இருப்பார். அதனால் நாள் தவறாமல் வந்துவிடுவார் என்று சொல்ல முடியாது. சீசனுக்கு முன் முன்பணத்தை அள்ளிக் கொடுத்து ஆளைப் "பிடித்துவைத்தோம்" என்று நிம்மதி அடைகிற தோட்டக்காரர்கள் வாங்குவது மூன்றாவது வகைப் பற்றை. வருகையைப் பொறுத்தவரை அதற்கு மதிப்பில்லை.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் ஒருவர் வராவிட்டால் பத்துப் பேர் வருவதில்லை. இது ஏன்?

ஏனென்றால் அவர்கள் பற்று வைத்திருப்பது உங்கள் தோட்டத்தின் மேல் அல்ல, ஜீப்பின் மேல்.

இதை நான் புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. கம்பத்தில் ஒரே தெருவிலோ ஒரே சொந்தத்திலோ இருக்கிற பெண்கள் ஒரு ஜீப்பில் சேர்கிறார்கள். மூத்த அக்கா ஒருவர் விடியற்காலையில் வீடு வீடாகக் குரல் கொடுத்து எழுப்புவார். ஒருத்திக்குப் பிள்ளைப்பேறு என்றால் மற்றவர்கள் முறைவைத்துச் சோறு கொண்டுபோவார்கள். எந்தத் தோட்டம் போவது என்று முடிவு செய்வது பெரும்பாலும் அந்த அக்காவும் ஜீப்காரரும்தான். தோட்டத்தின் பெயரைக் கேட்டால் சில பெண்களுக்குச் சட்டென்று சொல்லத் தெரியாது; "எங்கள் வண்டி போகிற தோட்டம்" என்பார்கள். அவர்களிடம் பற்று இல்லையா? அத்தனை ஆழமான பற்றை எந்த அலுவலகத்திலும் நான் கண்டதில்லை. அது நிறுவனத்தின் பெயரில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஜீப்பில் ஒரு வீட்டில் துக்கம் என்றால் பத்துக் கட்டமும் காலியாகும். ஒவ்வொரு குழுவுக்கும் இத்தனை நாள் போகாமலிருப்பது தப்பில்லை, இதற்கு மேல் போனால் தப்பு என்று ஓர் எழுதாத வழக்கம் உண்டு. வராமைப் பழக்கம் என்று ஆய்வாளர்கள் இதைத் தனியாகவே படிக்கிறார்கள். தனித்தனி ஆளாகக் கூப்பிட்டு எச்சரிப்பதில் பயன் வராது. அந்த அக்காவோடு உட்கார்ந்து பேசுங்கள். அவரை வேலையாள் பட்டியலில் இன்னொரு பெயராக நடத்துகிற தோட்டம், ஒருநாள் காலையில் பத்துப் பேரையும் சேர்த்து இழக்கும்.

கேள்வி: காய் எடுப்புச் சீசனில்தான் வராமை கூடுகிறது. அப்போதுதான் கூலியும் நன்றாக இருக்கிறது. புரியவில்லையே?

கூலி எல்லாத் தோட்டத்திலும் நன்றாக இருக்கிறது என்பதே காரணம். ஏலக்காய் ஒரே நேரத்தில் பழுப்பதில்லை. ஒரு சுற்று எடுத்து ஏறத்தாழ 40 நாளில் அடுத்த சுற்று எடுக்க வேண்டும். தள்ளிப்போனால் காய் முற்றி வெடிக்கும். வண்டன்மேடு, புளியன்மலை, நெடுங்கண்டம், உடும்பன்சோலை எங்கும் அதே நாட்களில் ஆள் தேவை. இன்று உங்களிடம் வராதவர் வீட்டில் படுத்திருக்கவில்லை; அடுத்த மலையில் காய் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அமெரிக்காவில் ஓர் அரசுத் துறையின் 115 பணிப்பிரிவுகளை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2008இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நெருக்கமானது. வேறு வேலை எளிதாகக் கிடைக்கிற காலத்தில், பற்று குறைந்த பிரிவுகளில் மட்டும்தான் வராமை உயர்ந்த நிலையிலேயே நீடித்தது. பற்று இருந்த இடத்தில் வெளியே வேலை மலிந்திருந்தும் அப்படி ஆகவில்லை. வேலை கிடைக்காத காலத்தில் பற்று இல்லாதவரும் வருகிறார். எனவே சித்திரை வைகாசி வறட்சியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வருகை இருக்கிறதே என்று மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. ஆவணியில் தெரியும்.

இதன் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மனம் வெறுத்தவர் வராமல் இருந்து காட்டுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். மாறிக்கொள்ள வழி இருக்கும் இடத்தில் அவர் ஒரேயடியாகப் போய்விடுவார். அவர் போன பிறகு உங்கள் வராமை விழுக்காடு குறைந்தும் காட்டும். வராமையோடு, ஆண்டில் எத்தனை பேர் விட்டுப்போனார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கேள்வி: ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் விடுப்பு எடுக்கிறார்கள். அவர்களுக்கு வேலையில் பிடிப்பு குறைவு என்று கொள்ளலாமா?

கூடாது. இந்தக் கேள்வியை நான் மிக அதிகமாகக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வருத்தத்தோடுதான் பதில் சொல்கிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் யார் இருக்கிறார்? மாமியாரை மருத்துவமனைக்கு யார் அழைத்துப்போகிறார்? ரேஷன் கடை வரிசையில், பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டத்தில், மகளிர் குழுத் தவணை நாளில் யார் போய் உட்காருகிறார்? ஒரு வீட்டின் வராமை முழுவதும் பெண்ணின் பெயரில் பதிவாகிறது.

நான் எழுத்தராக இருந்தபோது கூடலூரிலிருந்து வந்த ஒரு பெண் செவ்வாயும் வெள்ளியும் வரமாட்டார். காரணம் என்ற கட்டத்தில் நான் "இல்லை" என்று எழுதிவந்தேன். கேட்டு எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்று மாதம் கழித்து நிர்வாகம் அவரை நிறுத்தியது. அதற்குப் பிறகுதான், கணவரை டயாலிசிஸ் சிகிச்சைக்குத் தேனிக்கு அழைத்துப்போகிற நாட்கள் அவை என்று ஜீப்பில் வந்த மற்றொரு பெண் சொன்னார். மீதி நான்கு நாளும் அவர் ஒருநாள்கூடத் தவறியதில்லை. செக்ரோலைப் புரட்டிப் பார்த்தேன், உண்மை. வாரம் நான்கு நாள் வேலை என்று அவருக்கு ஏற்பாடு செய்திருக்க முடியும். நாற்றங்காலில் அப்படிப்பட்ட வேலை இருந்தது. நான் எழுதிய "இல்லை" என்ற சொல்தான் அவரை நிறுத்தக் காட்டப்பட்ட ஆதாரம். அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

50 பெண்களுக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. வராமையைக் குறைக்க வேண்டுமானால் நல்ல காப்பகம் ஒன்றை நடத்துவது பத்து எச்சரிக்கைக் கடிதங்களைவிடப் பயன் தரும். அன்றாடம் மலையேறி வருகிறவர்களின் பிள்ளைகள் கீழே ஊரில் இருக்கிறார்கள் என்பதால், அவர்களுக்குக் காப்பகம் ஊரில்தான் வேண்டும்.

கேள்வி: பிராட்போர்டு மதிப்பெண் முறையை எங்கள் ஆலையில் கொண்டுவரலாமா?

இந்த முறையில், ஓராண்டில் எத்தனை தடவை விடுபட்டார் என்ற எண்ணின் வர்க்கத்தை மொத்தம் விடுபட்ட நாட்களால் பெருக்குவார்கள். மூன்று பேர் ஆளுக்குப் பத்து நாள் வரவில்லை என்று வையுங்கள். ஒரே தொடர்ச்சியாகப் பத்து நாள் எடுத்தவருக்கு 10. இரண்டிரண்டு நாளாக ஐந்து தடவை எடுத்தவருக்கு 250. ஒவ்வொரு நாளாகப் பத்துத் தடவை எடுத்தவருக்கு 1000. அடிக்கடி எடுக்கும் ஒற்றை நாள் விடுப்புதான் வேலையைக் குலைக்கிறது என்பது இதன் அடிப்படை. அதில் உண்மை இருக்கிறது. மன விருப்பத்தோடு சற்றுக் கூடுதல் தொடர்புடையதாகக் கருதப்படுவதும் விடுபட்ட தடவைதான். மொத்த நாட்களில் நீண்ட நோய் கலந்துவிடும்.

ஆனால் மேலே சொன்ன கூடலூர்ப் பெண்ணின் மதிப்பெண்ணைப் போட்டுப் பாருங்கள். சில வாரங்களிலேயே ஆயிரத்தைத் தாண்டிவிடும். மாதம் ஒருமுறை சர்க்கரை மாத்திரை வாங்க அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பவரும் ஆண்டு முடிவதற்குள் அதைத் தாண்டிவிடுவார். இந்த எண்ணை ஒருவரைக் கூப்பிட்டுக் காரணம் கேட்க வேண்டிய அடையாளமாக மட்டும் வையுங்கள். தண்டனைக்கு அளவுகோலாக வைத்தால் நான் செய்த தவற்றை உங்கள் கணினி செய்யும், என்னைவிட வேகமாக.

கேள்வி: முழு வருகைக்கு மாத ஊக்கத்தொகை கொடுத்தால் சரியாகிவிடுமா?

முதல் சில மாதம் பலன் தெரியும். பிறகு இரண்டு கோளாறுகள் வரும். ஒருநாள் தவறினால் மாதத்தொகை முழுவதும் போய்விடும் என்றால், ஐந்தாம் தேதி தவறியவருக்கு மீதி 25 நாளில் இழக்க எதுவும் இல்லை. தொகைக்காகக் காய்ச்சலோடு வருகிறவர்களும் கூடுவார்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வாரக் கணக்கில் சிறிதாகக் கொடுங்கள். சொல்லிவிட்டு எடுக்கும் விடுப்பை அதில் கழிக்காதீர்கள்.

கேள்வி: காய்ச்சலோடும் வருகிறவர் நல்ல தொழிலாளிதானே?

அவர் கூலியை இழக்க முடியாத தொழிலாளி. மருந்து அடித்த ஏலச்செடிக்கு இடையில், உடம்பில் வெப்பத்தோடு நாள் முழுவதும் குனிந்து நிற்கிறார். அதைப் பற்று என்று பாராட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு உள்ள ஆலைகளில் நோய்க்காலத்துக்குச் சராசரிக் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டில் 91 நாள்வரை கிடைக்கும். ஆனால் நோயின் முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை. முந்தைய நோய் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் மட்டும் விலக்கு. சளி, காய்ச்சல், இடுப்புவலி எல்லாம் பெரும்பாலும் அந்த இரண்டு நாளுக்குள் அடங்குபவை. அன்றாடம் மலையேறுகிற ஏலத்தோட்டக் கூலிக்கோ அந்தக் காப்பும் எட்டுவதில்லை. வருகை விழுக்காடு மிக உயர்ந்திருக்கும் இடத்தில், எத்தனை பேர் நோயோடு வந்திருக்கிறார்கள் என்று நான் முதலில் விசாரிப்பேன்.

கேள்வி: திருவிழாவுக்கும் ஹர்த்தாலுக்கும் வராதவர்களை எப்படிக் கணக்கில் கொள்வது?

வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவும் தைப்பொங்கலும் எந்த நாளில் வரும் என்பது ஆண்டுத் தொடக்கத்திலேயே தெரியும். தெரிந்த நாளில் வேலையைப் போட்டுவிட்டு ஆள் வரவில்லை என்று எழுதுவது திட்டமிடாதவரின் பிழை. ஓணத்துக்கு விடுமுறை விட்டுவிட்டுப் பொங்கலுக்கு வராதவரை ஆப்சென்ட் போடுகிற தோட்டத்தில் பற்று எங்கிருந்து வளரும்? ஹர்த்தாலுக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று கேரள உயர்நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. எப்படியிருந்தாலும் வண்டி ஓடாத நாள் வராமையில் சேராது.

கேள்வி: வேலைநிறுத்தத்தில் நின்றவர்களுக்குப் பற்று இல்லை என்று சொல்லலாமா?

2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்துச் சாலையில் அமர்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ் பேசும் பெண்கள். சங்கத் தலைவர்களையும் விலக்கிவைத்து, "பெண்கள் ஒற்றுமை" என்ற பொருளில் பொம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 20 விழுக்காடு கேட்டுப் பெற்றார்கள். மூன்று தலைமுறையாக அதே மலையில் கொழுந்து எடுக்கும் குடும்பங்கள் அவர்களில் நிறைய. மனநிறைவு இல்லை, பற்று உண்டு. இரண்டும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. போக நினைத்தவர்கள் மலையிறங்கித் திருப்பூருக்குப் போயிருப்பார்கள். இருக்க நினைத்தவர்கள்தான் சாலையில் உட்கார்ந்தார்கள்.

கேள்வி: தொழிலாளியின் மனநிறைவை எப்படிக் கேட்டு அறிவது? படிவம் கொடுத்தால் எல்லோரும் "நல்லது" என்று குறித்துவிடுகிறார்கள்.

படிவம் எந்த மொழியில் இருந்தது என்று முதலில் சொல்லுங்கள். மலையாளத்தில் அச்சிட்ட படிவத்தைத் தமிழ்ப் பெண்களிடம் கொடுத்து, மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கிய கணிப்பை நான் பார்த்திருக்கிறேன். எழுத்தறியாதவர்களுக்கு, சிரித்த முகத்திலிருந்து வாடிய முகம்வரை படம் வரைந்து, எது உங்கள் முகம் என்று காட்டச் சொல்லும் முறை 1955லேயே வந்துவிட்டது. குனின் என்பவர் உருவாக்கியது. அதை ஒரு பள்ளி ஆசிரியையோ செவிலியரோ கேட்கட்டும். தோட்டத்து ஆள் கேட்க வேண்டாம்.

"திருப்தியாக இருக்கிறதா" என்ற கேள்வியும் பயன்படாது. விருந்து முடிந்து எழும்போது கேட்கிற கேள்வி அது. இல்லை என்று சொல்வது மரியாதையில்லை என்றே நம்மவர்கள் நினைப்பார்கள். நான் கேட்டுப் பலன் கண்டவை வேறு. கங்காணி கடைசியாக எப்போது உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்? எடை போடும்போது தராசை நீங்கள் பார்க்க முடிகிறதா? உங்கள் மகளை இந்த வேலைக்கு அழைத்துவருவீர்களா? மூன்றாவது கேள்விக்கு வரும் மௌனத்தையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் அம்மா 22 ஆண்டுகளாக ஒரே தோட்டத்துக்குப் போகிறார். லீவே எடுப்பதில்லை. அவருக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது என்று என் ஆய்வறிக்கையில் எழுதலாமா?

அப்படி எழுதாதீர்கள், மகளே. உங்கள் கல்லூரிக் கட்டணத்துக்காகப் போயிருக்கலாம். ஜீப்பில் கூட வருகிறவர்களை விட்டுவிட மனமில்லாமல் போயிருக்கலாம். ஒரு செடியின் எந்தக் கொத்து எந்த நாளில் எடுப்புக்கு வரும் என்று கண்ணாலேயே சொல்கிற தேர்ச்சி அவருக்கு வந்திருக்கும். அந்தத் தேர்ச்சியின் மேல் பிரியம் இருக்கலாம். வருகைப் பதிவேட்டில் இவை மூன்றும் ஒரே கட்டமாகத்தான் தெரியும். அவரிடமே கேளுங்கள். மாலையில் ஜீப் இறங்கியவுடன் கேட்டால் உடம்பு வலிதான் பதில் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை பகலில், அவர் தலைகாயவைத்து உட்கார்ந்திருக்கும்போது கேளுங்கள்.